தாத்தாவின் துப்பாக்கிக்கு ஒரு நகல்

கேள்வி: எங்கள் தாத்தா தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்குப் பிறகு அப்பா பெயருக்கு உரிமம் மாறியது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். நிலத்திலும் வீட்டிலும் தகராறு இல்லை, துப்பாக்கியில்தான் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அசலை அண்ணன் வைத்துக்கொள்வது, அதேபோல் ஒன்றை நான் செய்துகொள்வது என்று பேசி முடித்தோம். குழல் மூன்றேகால் அடி நீளம். பக்கவாட்டுத் தகட்டில் கிரீடமும் 'டவர் 1862' என்ற எழுத்தும் இருக்கின்றன. ஊர்த் தச்சர் கட்டையைச் செய்து தருகிறேன் என்கிறார். குழலைக் கடைந்து தர வத்தலக்குண்டில் ஒரு லேத் பட்டறையில் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகன், "இங்கே இதற்கு உரிமமே வேண்டாம் சித்தப்பா, பாகமெல்லாம் பார்சலில் வரும், வேண்டுமானால் அனுப்புகிறேன்" என்கிறான். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, அப்பா செய்ததுபோல் குண்டு போடாமல் ஒரே ஒரு வெற்று வேட்டு. அதோடு சரி. நூறு வருடத்துக்கு முந்தைய மாடல்தானே, சிக்கல் ஏதும் வருமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதலில் லேத் பட்டறைக்கு ஒரு போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சொல்லியாயிற்றா? சரி. நீங்கள் கேட்டிருப்பது நகலைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதைவிட அசலைப் பற்றித்தான் கவலை வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி தயாரிக்கக் கூடாது என்கிறது. விற்பதற்கா, சொந்த உபயோகத்துக்கா, பூஜையில் வைப்பதற்கா என்று அது கேட்பதில்லை. வெடிமருந்தின் விசையால் ஒரு பொருளை எறியும்படி செய்யப்பட்டது எதுவானாலும் அது துப்பாக்கி. 1862 மாடலா, நேற்று வந்த மாடலா என்ற பேச்சே அந்த விளக்கத்தில் கிடையாது. துப்பாக்கியின் பாகங்களும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அடக்கம். ஆகவே லேத்தில் கடைந்து முடித்த குழல், கட்டையில் பொருத்தாமல் வெறுமனே மேசைமேல் கிடந்தாலும், "அது வெறும் குழாய்தான் ஐயா" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். உடைமையில் இருக்கும் சில்லறை உதிரிப் பாகங்களுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. குழல் சில்லறைப் பாகம் ஆகாது, மற்ற பாகங்களோடு சேர்க்கத்தான் செய்தோம் என்று நீங்களே எழுதியும் கொடுத்துவிட்டீர்கள்.

தண்டனையைக் கேட்டால் தூக்கம் போய்விடும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி தயாரித்தால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் சிறை, கூடவே அபராதம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 வருடத்திலிருந்து 5 வருடம். இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, எங்களைப்போல் கோர்ட்டில் நிற்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வைத்திருந்த குற்றத்தில், தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நீதிபதி குறைந்தபட்சத்துக்கும் கீழே இறங்கலாம். வழக்கு நடத்தவே மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். தயாரித்த குற்றத்தில் இந்த இரண்டு கதவும் கிடையாது. பூஜைக்குத்தான் செய்தேன் என்று நீங்கள் நிரூபித்தே காட்டினாலும் ஏழு வருடத்துக்குக் கீழே வர நீதிபதிக்கு வழியில்லை. தச்சரும் லேத்காரரும் உங்களோடு சேர்ந்து அதே எஃப்.ஐ.ஆரில் இருப்பார்கள். கூலிக்குச் செய்தவன்மேல் என்ன வழக்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். தயாரிப்பு என்றால் சட்டம் தேடுவது கை வைத்தவனைத்தான்.

வெற்று வேட்டு என்கிறீர்கள். குண்டு போடாவிட்டாலும் குழலுக்குள் வெடிப்பது அதே மருந்துதான். உரிமம் பெற்ற தொழிற்கூடத்தில் செய்யும் குழலை, வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துச் சோதித்த பிறகே வெளியே அனுப்புவார்கள். லேத்தில் கடைந்த குழாய்க்கு அந்தச் சோதனை கிடையாது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஜாமீனுக்கு வந்த ஒருவர், வக்காலத்துப் பத்திரத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். இடக்கைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேல்துண்டை விலக்கியபோதுதான் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் இல்லாதது தெரிந்தது. தண்ணீர்க் குழாயில் செய்த துப்பாக்கி, தையல் விட்ட இடத்தில் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரிமாண்ட்.

அடுத்து டெக்சாஸ் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1968-ஆம் வருட மத்தியச் சட்டம், 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளை 'பழம்பொருள்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. வாய்வழி கெட்டிக்கும், கரிமருந்தில் மட்டும் இயங்கும் முன்வாய்த் துப்பாக்கி இன்றைக்குச் செய்த நகலாக இருந்தாலும், இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட முடியாதபடி இருக்கும்வரை அந்த ஒதுக்கலுக்குள் வந்துவிடும். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் கட்டுப்பாடு மாறும், அது வேறு கதை. நீங்கள் யூடியூபில் பார்க்கும் அத்தனை வீடியோவும் அந்தச் சட்டத்தை நம்பி எடுத்தவை. நம் சட்டத்தில் அப்படி ஒரு வருடக்கோடு போட்டு நகலையும் சேர்த்து விலக்கும் ஏற்பாடு இல்லை. பாகங்களைப் பார்சலில் அனுப்பினால் அது உரிமமில்லாத ஆயுத இறக்குமதி. சுங்கத் துறையின் ஸ்கேனரில் குழல் தெரிந்த அன்றே, பெறுநர் விலாசத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும். தம்பியிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அவரே நாளைக்கு, "அசலை நான் இங்கே கொண்டுவந்து பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் ஆகாது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறு வருடம் தாண்டினால் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் துப்பாக்கி நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது.

இனி அசலுக்கு வருவோம். "பழசுதானே, சட்டம் பொருந்தாதே" என்ற நினைப்பு உங்களுக்கு மட்டும் இல்லை, மலைக்கிராமங்களில் பாதிப் பேருக்கு உண்டு. அது சும்மா வந்ததும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாடல், பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று மூன்று வகையைச் சொல்லி, சட்டம் இவற்றுக்குப் பொருந்தாது என்கிறது. எல்லோரும் அதுவரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருக்க வேண்டும் என்று தொடர்கிறது. உங்கள் அப்பா ஆயுத பூஜைதோறும் வேட்டுப் போட்டிருக்கிறார். சுடுகிற துப்பாக்கிக்கு வயது விலக்குத் தராது. கேஸ் என்று வந்தால் ஆயுதப் படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரோ தடயவியல் நிபுணரோ, விசையை அழுத்தினால் அடிக்கும் சுத்தியலான குதிரையை இழுத்துப் பார்த்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்பை மாட்டும் முனையின் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்து, 'சுடக்கூடிய நிலையில் உள்ளது' என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு வக்கீல் யாராவது சொல்லி என்மேல் உங்களுக்கு வருத்தம் வரும். 2020 பிப்ரவரியில் ஆயுத விதிகளைத் திருத்தியபோது, சேகரிப்பாளர்கள் விரும்பும் பழைமைப் பொருள் என்ற வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் உரிமமில்லாமல் வாங்கவும் வைத்திருக்கவும் இடம் கொடுத்தார்கள். சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியாமல் அதற்கு மருந்தும் கிடைக்காது. உங்கள் அண்ணன் இந்த வழியில் போகலாமா? போகலாம், ஆனால் தானாகவே 'இது பழைமைப் பொருள்' என்று முடிவுகட்டிப் பரணில் போட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே கலெக்டர் அலுவலகப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயரில் உரிமத்தோடு ஏறி நிற்கும் துப்பாக்கி அது. அந்தப் பதிவு தீர வேண்டும், இந்த வகையில் வருகிறது என்று கலெக்டரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். அப்புறம் வேட்டுக்கும் விடைகொடுக்க வேண்டியிருக்கும். நகலுக்கு இந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது. போன வாரம் கடைந்த குழலுக்கு என்ன பழைமை?

குடகுப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் யாராவது இருந்தால், "எங்களுக்கு லைசென்ஸே கிடையாது" என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். குடவர்களுக்கும், அங்கே 'ஜம்மா' என்ற பரம்பரை உரிமையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் விலக்கு அது, 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். மலைத்தோட்டம் வைத்திருக்கிறோம் என்பதால் அது பழனி மலைக்கு இறங்கி வராது.

இப்போது உண்மையான சிக்கல். உரிமம் என்பது ஆளுக்குக் கொடுப்பது. அப்பா இறந்த அன்றே அது முடிந்துவிட்டது. சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, தேவையற்ற தாமதமின்றித் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். மூன்று வருடத்தைத் தாமதம் இல்லை என்று என்னால்கூட வாதாட முடியாது. அண்ணன் வீட்டில்தானே இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. கையில் வைத்திருப்பது மட்டும் உடைமை ஆகாது, தெரிந்தே கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் உடைமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. 'துப்பாக்கி மூத்தவருக்கு' என்று பாகப் பத்திரத்தில் வேறு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அந்தப் பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், பதிவு செய்துவிட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டாம். தானாக முன்வந்து ஒப்படைப்பவரை போலீஸ் திருடனைப்போல் நடத்தி நான் பார்த்ததில்லை. மலைப்பகுதிகளில் உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக்கூட, "இந்தத் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள், வழக்கு இல்லை" என்று அவ்வப்போது தண்டோரா போட்டு வாங்குகிறார்கள். உங்களுடையதற்கு உரிமப் புத்தகம் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொடுத்து அப்பா வாங்கிவைத்த ரசீதுகளும் எங்காவது டப்பாவில் இருக்கும், தேடிப் பாருங்கள். மறைத்து வைத்ததல்ல, மறந்து போனது என்று காட்ட அவை உதவும்.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வழியில் ஒரு செக்போஸ்டில் பிடித்தால் ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் பெயரில் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அப்பா பெயர், உரிம எண், இறந்த தேதி, பாகம் பிரிக்கும்போது கவனத்துக்கு வந்தது, பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது, அவ்வளவு போதும். ஒரு பிரதி கலெக்டருக்குப் பதிவுத் தபாலில். அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லட்டும். ரசீதில் குழல் நீளம், தகட்டில் உள்ள எழுத்து, குதிரை, மருந்து கெட்டிக்கும் கம்பி எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று எழுதி வாங்கினால், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருவது உங்கள் தாத்தாவுடையதுதானா என்று தெரியாமல் போகும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் மருந்தோடு பல வருடம் பரணில் கிடப்பது சகஜம். அப்பா கடைசியாகக் கெட்டித்துவிட்டுச் சுடாமல் வைத்திருந்தாரோ என்னவோ. குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். குதிரை இறங்கியிருக்கிறதா, முனையில் கேப் இல்லையா என்று பார்த்துவிட்டு, குழல்வாயை யார் பக்கமும் காட்டாமல், மரக்குச்சி ஒன்றை உள்ளே மெதுவாக விட்டுப் பாருங்கள். அது நிற்கும் இடத்தில் அடையாளம் வைத்து, வெளிப்பக்கமாக வைத்து அளந்தால், குச்சி முனை கேப் மாட்டும் இடத்துக்குக் கிட்டே வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டாதீர்கள். கடிதத்தில் எழுதிவிடுங்கள், ஆர்மரர் பார்த்துக்கொள்வார்.

ஒப்படைத்த பிறகு அண்ணன் வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கலாம். இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, உங்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைக்க இடம், பிறகு போலீஸ் விசாரணை. அக்கா தங்கை இருந்தால் அவர்களும் வாரிசுதான், பாகத்தில் விட்டதுபோல் இதிலும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் 'ரைஃபிள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் நீளத்தையும் முத்திரையையும் பார்த்தால் அது என்ஃபீல்டு வகையாக இருக்கலாம், 1857 கலகத்தில் பேர்போனதே, அதே வம்சம். கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு உள்வரி, அதாவது குழலின் உட்புறத்தில் வெட்டும் சுருள் கோடு, இல்லாத வழுவழுப்பான குழலைத்தான் கொடுத்தார்கள். வரி இல்லாவிட்டால் அது ரைஃபிளே இல்லை. அப்பாவின் உரிமத்தில் 'எஸ்.பி.எம்.எல்.', அதாவது ஒற்றைக்குழல் முன்வாய்த் துப்பாக்கி என்று இருந்தால் அதே வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அண்ணன் பெயரில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது கிடையாது, வாரிசுச் சொத்தானாலும் இரண்டுதான் உச்சம்.

அப்பா உயிரோடு இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்துவிட்டாலோ, இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். இந்தக் கடிதமே வந்திருக்காது.

உங்களுக்கும் ஒரு துப்பாக்கி வேண்டும், அவ்வளவுதானே? காப்பித் தோட்டத்தில் உங்களுக்கும் பங்கு வந்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வாய்த் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தர வேண்டும் என்று 13-ஆவது பிரிவே தனியாகச் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் முன்வாய்த் துப்பாக்கிக்கென்று இருக்கும் ஒரே மரியாதை அதுதான். போலீஸ் அறிக்கை பாதகமாக வந்தால் கிடைக்காது, கையோடு கிடைக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கிடைத்தால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்குங்கள். பன்றியைச் சுடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதற்கு வன உயிரினச் சட்டம் தனியாக நிற்கிறது.

சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால் தச்சரே போதும். கட்டையிலிருந்து குழல் வரை முழுக்க மரம். பலா நன்றாக இருக்கும். ஈட்டி மரத்துக்கு ஆசைப்பட்டு வனத்துறையையும் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். குழலுக்கு உருட்டிய தேக்குக் கம்பு, வாய்ப்பக்கம் ஒரு அரை விரல் குழி, அதற்குமேல் துளை கூடாது. குதிரையும் விசையும் அசையாமல் கட்டையோடு செதுக்கியதாக இருக்கட்டும். பொம்மையாகத் தவிர வேறெதற்கும் உதவாததும், சுடும்படி மாற்றவே முடியாததும் ஆயுதம் ஆகாது. இரும்புக் குழாயைப் போட்டுத் துளையை மட்டும் அடைத்து வைப்பது அந்த ரகத்தில் சேராது. அடைத்ததைத் திறக்கலாமே. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் அதே ஏழு வருடம்தான். மரத்துப்பாக்கியைத் தோளில் போட்டு ரீல்ஸ் எடுப்பதையும் தவிருங்கள். பார்க்கிறவனுக்கு அது பலா மரம் என்று தெரியாது.

அசலை ஒப்படைப்பதற்கு முன்னால் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்புத் தாளில் வைத்துக் கட்டையின் வளைவைப் பென்சிலால் வரைந்துகொண்டால் தச்சருக்கு அது போதும். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் ரசீதோடு சேர்த்து வைக்கவும் உதவும்.

லேத் பட்டறையில் கொடுத்த ஐயாயிரத்தை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நோட்டீஸ் அனுப்பச் சொல்லி என்னிடம் வராதீர்கள். சட்டவிரோதமான வேலைக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது, தெரிந்தே அதற்குக் கொடுத்த முன்பணத்தைப் பொதுவாக எந்த கோர்ட்டும் மீட்டுத் தராது. அந்த நோட்டீஸில், பணம் எதற்குக் கொடுத்தீர்கள் என்றும் எழுத வேண்டியிருக்கும்.